இது சோப்பு, அரைக்க வேண்டாம்

பிப்ரவரி 2

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்று ஒரு சொல் எழுதுவாய். அதற்கு ஓர் உறை வீண்.

இதை ஹாரன் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம் குவாரியிலிருந்து உன் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றி வருகிறாரே, அந்த லாரிக்காரர்தான். ஆலை வாசலில் தெருநாய் படுத்திருந்தால்கூட முழு நீளத்துக்கு ஹாரன் அடிக்கிற மனிதர், உனக்குத் தெரியாமல் இருக்காது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் வீட்டுப் போன் அப்பாவிடம் இருக்கிறது. துளை போடும் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பார், நாம் பேசினால் தெருவுக்கே கேட்கும். அதுவும் உன் குரல் என்று தெரிந்தால் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது எடை மேடைக்குப் பின்னால் கழித்துப் போட்ட கல் குவியலில் ஒன்று கிடைத்தது. என் உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு பக்கம் வெறும் கல். மறுபக்கம் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து, வரிவரியாக மேடு. பாதிக்கு மேல் கல்லுக்குள் மூடியிருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் புதைபடிவம் என்று ஒரு படம் இருந்ததே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது. தோழியின் போனில் படம் எடுத்தேன். சாம்பல்மேல் சாம்பல், ஒரு மண்ணும் தெரியவில்லை.

மேட்டைப் பள்ளமாக்கிப் பார்த்தால் புரியுமோ என்று குளியலறை சோப்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன். நன்றாகவே பதிந்தது. ஆனால் அம்மா பிடித்துவிட்டாள். "குளிக்கிற சோப்புல கல்லை வெச்சு அழுத்தினது யாரு? இந்த வீட்டுல ஒண்ணாவது உருப்படியா இருக்கக் கூடாதா?" என்று ஒரு மணி நேரம் கச்சேரி.

நீ இதைத்தானே படித்தாய். பாதி வரைக்குமாவது படித்தாய். இது ஃபாசிலா, வெறும் கல்லா? சொல்லு.

வாலு

---

பிப்ரவரி 9

வாலு,

இருக்கேன்.

உன் கடிதம் வந்தபோது இரட்டை ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். இந்த அறையில் கட்டில் ஒன்று, ஆள் மூன்று பேர். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால்தான் இன்னொருவன் படுக்க முடியும். போர்வையின் சூடு ஆறுவதே இல்லை. உன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் தூங்கிப்போனேன், கோபித்துக்கொள்ளாதே. மறுநாள் மறுபடி படித்தேன்.

இப்படிக் கொண்டுவரும் கற்களில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவைதான். தண்ணீர் ஊறி ஊறிக் கல்லில் வளையம் வளையமாகக் கறை ஏறும், பார்த்தால் யாரோ செதுக்கியது போலவே இருக்கும். வகுப்பில் நானே ஒரு தடவை அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அசடு வழிந்தேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த வரிகள் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கின்றனவா, இல்லை ஒரே கோடு சுற்றிச் சுற்றி உள்ளே போகிறதா? வட்டம் என்றால் கறை. சுருள் என்றால் யோசிக்கலாம்.

பாதி மூடியிருக்கிறது என்கிறாய். அதைத் திறந்து பார்க்கிறேன் பேர்வழி என்று சுத்தியலை எடுக்காதே. உன் கை எனக்குத் தெரியும், உடைத்துவிடுவாய். வினிகர், எலுமிச்சை எதிலும் ஊற வைக்காதே, கல்லோடு சேர்ந்து உள்ளே இருப்பதும் கரைந்துவிடும். ஹாரனிடம் கொடுத்து அனுப்பு. இங்கே நல்ல லென்ஸ் இருக்கிறது. நானே பார்த்துச் சொல்கிறேன்.

பெரிதாக எதிர்பார்க்காதே. நான் இப்போது கல்லைப் படிக்கிறவன் இல்லை. கல்லை அரைக்கிறவன். குவாரியிலிருந்து பை பையாக சாம்பிள் வரும். அவிழ்த்து இயந்திரத்தில் கொட்டி, பொடியாக்கி, சுண்ணாம்பு எவ்வளவு என்று எழுத வேண்டும். பிறகு அடுத்த பை. அவ்வளவுதான் என் நிலவியல்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அண்ணன்

---

பிப்ரவரி 14

அண்ணா,

கல் வருகிறது. வீட்டில் இருந்த துணிப்பை எல்லாம் நைந்துபோனவை, வழியில் கிழிந்து விழுந்தால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. குவாரி அலுவலகத்தில் நல்ல கெட்டித் துணியில் ஒரு பை கிடைத்தது, அதில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன். செய்தித்தாளில் சுற்றி, உள்ளே உன் பேர் எழுதிய சீட்டும் வைத்திருக்கிறேன்.

வட்டமா சுருளா என்று பூதக்கண்ணாடி வைத்துக் கண் வலிக்கப் பார்த்தேன். காலையில் சுருள், சாயங்காலம் வட்டம். என்னால் முடியவில்லை.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். உன் தலைமேல் பாரத்தைத் தூக்கி வைக்க வேண்டாம் என்றுதான். குவாரி மேனேஜர் அப்பாவிடம் எடை மேடையில் ஆள் வேண்டும், உங்கள் பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். ஏப்ரலில் சேர வேண்டும். லாரி வரும், எடையைப் படிக்க வேண்டும், சீட்டுக் கிழிக்க வேண்டும். அப்பாவுக்குப் பரம சந்தோஷம். ஆனால் எனக்கு நிலவியல் படிக்க ஆசை. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி மார்ச் 25. வாங்கி வைத்திருக்கிறேன், எழுதவில்லை. அந்தப் படிப்பின் பேரை இந்த வீட்டில் எடுக்க முடியுமா சொல்லு. நீ பாதியில் விட்டுவிட்டு, விட்டதைச் சொல்லாமல் ஒரு வருஷம் கல்லூரிக்குப் போவதாகவே கடிதம் எழுதிக்கொண்டிருந்தாயே, அதிலிருந்து அந்தச் சொல்லே நம் வீட்டில் கெட்ட வார்த்தை.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். இந்தக் கல் ஃபாசில் என்றால், எனக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவிடம் சண்டை போட்டாவது விண்ணப்பம் போடுவேன். வெறும் கல் என்றால் வாயை மூடிக்கொண்டு எடை மேடை. சிரிக்காதே. எதையாவது பிடித்துக்கொள்ளாமல் அப்பாவின் எதிரில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

வாலு

---

பிப்ரவரி 20

வாலு,

பை வந்தது. கடிதமும் வந்தது.

உடனே எதுவும் சொல்வதற்கில்லை. இங்கே வேலை அதிகம். ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான், அவன் ஷிப்டையும் நானே பார்க்கிறேன்.

ஒரு கல்லில் போய் வாழ்க்கையைக் கட்டித் தொங்கவிடாதே. விண்ணப்பத்தை எழுதி வைத்துக்கொள். இப்போதைக்கு அவ்வளவுதான்.

அம்மாவின் முட்டியைப் பற்றி நீ எழுதவில்லை.

அண்ணன்

---

மார்ச் 1

அண்ணா,

அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது உன்னைத் திட்டுகிறாள், இறங்கும்போது என்னை.

கல் என்ன ஆயிற்று? கிணற்றில் போட்டது போல இருக்கிறது. லென்ஸை எடுத்துக் கண்ணில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? "ஆமாம்" என்று எழுது, இல்லை "இல்லை" என்று எழுது. ஒரு சொல்லில் பதில் எழுதுவது உனக்குப் புதிதா?

நேற்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எடை மேடை அறையைக் காட்டினார். ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. நாற்காலியின் ஒரு கை உடைந்து கயிற்றால் கட்டியிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த அக்கா ஜன்னல் கட்டையில் முழங்கை வைத்து வைத்து அந்த இடம் மட்டும் குழிந்து பளபளவென்று இருக்கிறது. என் முழங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஹாரன் மாமா ஒன்று சொன்னார். "பையை யார்கிட்ட குடுத்தீங்க, எங்க வெச்சீங்கன்னு உங்க அண்ணன் என்னைப் போட்டுக் குடையறான்மா. மூஞ்சியே சரியில்ல. சாப்புடறானா இல்லையா?" என்றார். தொலைத்துவிட்டாயா? தொலைத்திருந்தாலும் சொல்லித் தொலை.

வாலு

---

மார்ச் 5

வாலு,

தொலைக்கவில்லை. அரைத்துவிட்டேன்.

நீ கல்லைப் போட்டு அனுப்பியது குவாரி சாம்பிள் பை. அப்பா வேலை செய்யும் இடத்தின் எண்ணே அதன்மேல் அச்சடித்திருக்கிறது. ஹாரன் காலையில் வந்ததும் பையை லேப் ஜன்னலில் வைத்துவிட்டு லாரியில் ஏறித் தூங்கப் போய்விட்டார். உன் கடிதம் அவருடைய சட்டைப்பையில் தூங்கியது. அன்றைய சாம்பிள் பைகளோடு அதுவும் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேறு யாரோ அரைத்தார்கள் என்று எழுதலாம். நான்தான் அரைத்தேன். இரட்டை ஷிப்டின் கடைசி வரிசை. பையை அவிழ்த்தேன், செய்தித்தாளோடு கவிழ்த்தேன், இயந்திரத்தைப் போட்டேன். சில குவாரிக்காரர்கள் தாள் வைத்துக் கட்டுவார்கள், அதனால் தாளைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. நான் பார்க்கவே இல்லை, வாலு. என் கைக்கும் கண்ணுக்கும் எப்போதோ தொடர்பு அறுந்துவிட்டது. பொடியைச் சலிக்கும்போது தாள் துணுக்குகள் வந்தன. அதில் ஒன்றில் உன் கையெழுத்து. "அண்ணா" என்பதில் "அண்" மட்டும் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஹாரன் எழுந்து கடிதத்தைக் கொடுத்தார். நீ எதை எதன்மேல் கட்டியிருக்கிறாய் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஆமாம், ஃபாசில்" என்று ஒரு கடிதம் எழுதினேன். நீ படிக்கப் போவாய், யாரும் கல்லைக் கேட்கப் போவதில்லை, நல்லதுதானே என்று நினைத்தேன். கிழித்துவிட்டேன். "வெறும் கல்" என்றும் எழுதிப் பார்த்தேன். அதையும் கிழித்தேன். கடைசியில் அந்த இரண்டுங்கெட்டான் கடிதத்தை அனுப்பினேன். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. இனி யாருக்கும் தெரியாது.

விதிப்படி ஒவ்வொரு சாம்பிளிலும் கொஞ்சம் பொடி எடுத்து வைப்போம். உன்னுடையதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். அறிக்கை முதல் தரம் என்கிறது. சிமெண்டுக்கு மிக நல்ல கல்லாம்.

அந்த சோப்பு இன்னும் இருக்கிறதா? கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அண்ணன்

---

மார்ச் 8

கல்லை அனுப்பினேன். பொடி வந்தது.

சுத்தியலை எடுக்காதே, உன் கை எனக்குத் தெரியும், உடைத்துவிடுவாய் என்று எழுதினாயே. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? சிரிப்புகூட வந்தது. பிறகு அழுதேன். அம்மா கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன். பொய் இல்லை, உன் கவரைப் பிரித்ததில் நிஜமாகவே தூசி.

பையில் என் தப்பும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரைத்த அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? அப்பாவிடம் ஒரு வருஷம் மறைத்தாய். என்னிடம் இரண்டு வாரம். முன்னேற்றம்தான்.

சோப்பு. அம்மா அதைத் தூக்கிப் போடாமல் குளியலறையிலேயே வைத்துவிட்டாள், அன்றிலிருந்து அப்பா அதைப் போட்டுத்தான் குளிக்கிறார். உன் கடிதத்தைப் படித்ததும் ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே தண்ணீர் சத்தம். "அப்பா, சோப்பு போடாதீங்க!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. கதவை இடித்தேன். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கதவை இடுக்குப் போலத் திறந்து, "என்ன, வீடு பத்திக்கிச்சா?" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல், நீ, விண்ணப்பம், எடை மேடை, எல்லாம். அவர் காது மந்தம் என்பதால் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தெருவில் இப்போது யாருக்கும் தெரியாதது எதுவும் மிச்சம் இல்லை.

அப்பா மீதி சோப்பை என் கையில் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தார்.

பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. அனுப்புகிறேன். இந்தத் தடவை பிஸ்கட் டப்பாவில். மூடிமேல் பெரிதாக எழுதியிருக்கிறேன்: "இது சோப்பு. அரைக்க வேண்டாம். குளிக்கவும் வேண்டாம்."

பேர் எழுதிக் கையெழுத்துப் போட மனம் இல்லை.

---

மார்ச் 12

வாலு,

டப்பாவை ஹாரன் என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டுப் போனார். அறையில் இருக்கும் மற்ற இருவரும் மூடியைப் படித்துவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். லேபிலும் விஷயம் பரவிவிட்டது. இப்போது பை அவிழ்க்கும்போதெல்லாம் யாராவது "சோப்பான்னு பாத்துக்கப்பா" என்கிறார்கள். நானும் பார்க்கிறேன். வேலை இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, திட்டு வாங்குகிறேன்.

மூன்று வரிகள் மிஞ்சியிருக்கின்றன. மூன்றாவது பாதிதான். விளக்கைச் சாய்த்து வைத்து லென்ஸில் பார்த்தேன். வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவில் இல்லை. உள்ளே போகப் போக நெருங்குகிறது. வெளி விளிம்பும் உள் விளிம்பும் ஒன்றையொன்று ஒட்டிவிடப் பார்க்கின்றன. ஊறிய கறையாக இருந்தால் இப்படி வராது. சின்னதாக ஆரம்பித்து, வளர வளர வீட்டை அகலப்படுத்திக்கொண்டே போன ஏதோ ஒன்றுதான் இப்படிச் சுற்றும். நாம் நடக்கிற இடம் கடலாக இருந்த காலத்தில்.

அதனால் என் கண்ணுக்கு, ஆமாம்.

ஆனால் இதை நீ நம்பாதே. குற்றம் செய்தவன் சொல்கிற ஆமாம் இது. நான் உனக்காகச் சொல்கிறேனா, எனக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அப்பா குளித்து மீந்த சோப்பை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வாழ்க்கையை இதன்மேல் கட்டாதே, வழுக்கும்.

நான் ஏன் பாதியில் விட்டேன் என்று நீ கேட்டதே இல்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கறையை ஃபாசில் என்று கொண்டுபோய் அசடு வழிந்தேனே, அதற்குப் பிறகு கல்லைக் கையில் எடுக்கவே கூச்சமாகிவிட்டது. எல்லோருக்கும் கண் இருக்கிறது, எனக்கு இல்லை என்று நினைத்தேன். வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன், அதைச் சொல்லவும் கூச்சம். இப்போது தோன்றுகிறது, தப்பாகப் பார்த்தது பெரிய விஷயமே இல்லை. பார்ப்பதை விட்டதுதான்.

இந்த மாதிரி உயிர் தனியாக ஒன்று மட்டும் வந்து படுத்துக்கொள்ளாது. அதே குவியலில் இன்னொன்று இருக்கலாம். வரும் ஞாயிறு எனக்கு விடுமுறை. ஹாரனின் லாரியில் இடம் இருக்கிறதாம், இந்த மனிதர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து வந்தால் எனக்கும் காது போய்விடும். அப்பாவிடம் சொல்லிவிடு. வேண்டாம், சொல்லாதே. உன் இஷ்டம்.

அண்ணன்

---

மார்ச் 22

அண்ணா,

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று ஹாரன் மாமா சொன்னார். வழியெல்லாம் தூங்கினாயாம், ஹாரன் அடிக்கவே மனசு வரவில்லையாம். நான் நம்பவில்லை.

எனக்கு இன்னும் உடம்பு வலிக்கிறது. ஒரு நாள் முழுக்கக் குனிந்து எத்தனை கல்லைப் புரட்டினோம்! ஒன்றாவது கிடைத்ததா? நீ ஒவ்வொரு கல்லையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூவை வைப்பது போலக் கீழே வைத்தாய். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆவதற்குள் நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பற்றி நீ அங்கேயே யோசித்துக்கொண்டிருப்பாய், அதனால் எழுதுகிறேன். நீ லாரியிலிருந்து இறங்கியபோது அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார் அல்லவா? நீ உள்ளே போன பிறகும் வெகு நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் குவியலுக்கு வந்து, எட்டத்தில் நின்று, "அந்தப் பக்கம் பாத்தாச்சா?" என்று கேட்டாரே, நீ "பாத்தாச்சு" என்றாயே. மூன்று வருஷத்துக்கு அப்புறம் நீங்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் நீ போன பிறகு அம்மாவிடம் ரகசியமாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பையன் இளைச்சுட்டான்டி" என்று சொன்னார். நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கூட ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

இந்த வாரம் குவியலையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். உன் ஆலைக்குத்தான் வருகிறது. பார்த்து அரை.

மேனேஜர் மறுபடி கேட்டதற்கு அப்பா, "அவளையே கேட்டுக்கங்க" என்றாராம். அதற்குமேல் அவரிடமிருந்து ஆசீர்வாதம் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. என்னைக் கேட்டார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கையில் பிடித்துக்கொள்ள ஒரு கல்லும் இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நீ சொன்ன ஆமாமை நான் நம்பவில்லை. நீயே நம்பாதே என்றாய், அதனால்தான். இல்லை என்று சொல்லியிருந்தாலும் இப்போது நம்பியிருக்க மாட்டேன். நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை இன்று காலை தபாலில் சேர்த்தேன். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் என்னென்னவோ எழுதியிருப்பார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, உள்ளதை எழுதிவிட்டேன்: "நான் ஒன்று கண்டெடுத்தேன். என் அண்ணன் அதை அரைத்துவிட்டான். இன்னொன்று தேட வேண்டும்."

வாலு